கயிறு பெற்ற பாட்டு

நாட்டார் பாட்டு எதை எடுத்தாலும், அது துக்கத்தில் பிறந்தது அல்லது சந்தோஷத்தில் பிறந்தது என்று சொல்லிவிடுவது நமக்குப் பழகிப்போன ஒன்று. கடற்கரையில் வலை இழுக்கும்போது பாடும் அம்பாவுக்கும் அப்படி ஒரு பிறப்புச் சான்றிதழ் எப்போதோ எழுதிக் கொடுத்தாயிற்று. கடல் தொழிலாளர்கள் களைப்புத் தெரியாமல் இருக்கப் பாடினார்களாம். களைப்புத் தெரியாமல் இருக்க வெற்றிலை போடலாம், பீடி பிடிக்கலாம், ஊர் வம்பு பேசலாம். முப்பது நாற்பது பேர் மணிக்கணக்காக ஒரே நொடியில் ஒரே சொல்லைக் கத்துவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டும். அந்தக் காரணத்தைத் தேடுகிறவருக்கு இலங்கையின் புத்தளம் மாவட்டத்துக் கரை நல்ல இடம்.

சிலாபத்தைத் தாண்டிப் புத்தளம் வீதியில் வடக்கே போய்க் கடல் பக்கம் திரும்பினால் உடப்பு. ஒரு புறம் பெருங்கடல். மறுபுறம் முந்தல் களப்பு, ஒல்லாந்தர் காலத்து வாய்க்கால், இப்போது இறால் பண்ணைக் குளங்களும். நடுவில் கிடக்கும் மணல் திட்டில் ஊர். இராமேஸ்வரம் பக்கமிருந்து வந்து குடியேறியவர்கள் தாங்கள் என்பது உடப்பு மக்களின் வழிவழிக் கதை. ஆடியில் திரௌபதி அம்மன் கோவில் தீமிதிப்புக்கு எங்கெங்கோ இருந்தெல்லாம் சனம் வந்து சேரும். மாதத்தைக் கவனிக்க வேண்டும். ஆடி, கச்சான் அடிக்கும் காலம். மேற்குக் கடல் கொந்தளிப்பாக இருக்கும், கரைவலை வளைக்க முடியாது. வாடைக்காற்று தொடங்கி இந்தப் பக்கத்துக் கடல் அடங்கிய பிறகு, ஏறக்குறைய ஐப்பசியிலிருந்து பங்குனி சித்திரை வரைதான் வலைக்காலம். வாடி போடுவதும், வலை பொத்துவதும், கடன் வாங்குவதும், கலியாணத்துக்கு நாள் வைப்பதும் அந்தக் கணக்கைப் பார்த்துத்தான்.

இழுக்கிற முறை தெரியாமல் பாட்டு விளங்காது. கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் ஆட்களிடம் கொடுத்துவிட்டு வள்ளம் புறப்படும். கயிற்றை நீள விட்டபடி ஆழத்துக்குப் போய், அங்கே வளைந்து, ஒரு கைவலை, நடுவில் மடி, மறு கைவலை என்று வரிசையாக இறக்கி, அடுத்த கயிற்றை விட்டுக்கொண்டே திரும்பி வந்து வேறோர் இடத்தில் கரை தொடும். கடலுக்குள் பெரியதொரு வளைவு, கரையில் இரண்டு நுனிகள். நுனிக்கு நுனி சில நூறு மீட்டர் இருக்கும். பக்கத்துக்கு ஒரு கிலோமீட்டர் கயிறுகூடக் கிடக்கும். இரண்டு நுனியிலும் இரண்டு கூட்டம் நின்று இழுக்கும். வலை நெருங்க நெருங்க இரண்டு கூட்டமும் மணலில் ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்து வரும்.

கனம் மட்டும்தான் பிரச்சினை என்றால் ஆளைக் கூட்டினால் முடிந்தது. ஆனால் இரண்டு கையும் சமமாக வர வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் வலையின் வாய் கோணும், மடி சரியும், உள்ளே இருக்கும் சூடை, கீரி மீன்கள் திறந்த பக்கத்தால் போய்விடும். விட்டு விட்டு இழுத்தாலும் ஆபத்து. அடிக்கயிறு தரையை விட்டு எழும்பும், அதன் கீழால் மீன் நழுவும். வெடுக்கென்று இழுத்தால் பழைய காலத்துத் தும்புக் கயிறு அறுந்துபோகும். இவ்வளவையும் ஒருவரை ஒருவர் முகம் பார்க்க முடியாத இரண்டு கூட்டம் செய்ய வேண்டும். கடற்காற்றில் பேச்சுச் சத்தம் பத்தடிக்கு மேல் போகாது.

கயிறு இழுக்கும் கூட்டத்தை அளந்து பார்த்த ஒருவர் பிரான்சில் இருந்தார். மாக்சிமிலியன் ரிங்கெல்மான், விவசாயப் பொறியியலாளர். 1880களில் செய்த சோதனைகளை 1913இல் வெளியிட்டார். தனியாக இழுக்கும் ஒருவரின் பலத்தை 100 என்று வைத்தால், இரண்டு பேர் சேரும்போது ஆளுக்கு 93 ஆகக் குறைகிறது. நான்கு பேரில் 77. எட்டுப் பேரில் 49. எட்டு ஆளுக்குக் கூலி கொடுத்தால் கிடைப்பது நான்கு ஆளின் பலம்கூட இல்லை. எல்லாரும் ஒரே நொடியில் இழுக்காததால் வரும் இழப்பு இது என்பதே ரிங்கெல்மானுக்குப் பெரிதாகப் பட்டது. பிற்பாடு, 1974இல், அமெரிக்காவில் சிலர் இதையே தந்திரமாகச் செய்து பார்த்தார்கள். கண்ணைக் கட்டிவிட்டுப் பின்னால் ஆள் இருப்பதாக நம்ப வைத்தார்கள். உண்மையில் பின்னால் யாரும் இழுக்கவில்லை. அப்போதும் அவர்களின் இழுவை குறைந்தது. ஆக இழப்பு இரண்டு வகை. கை ஒன்று சேராததால் ஒன்று, மற்றவன் இழுப்பான் என்ற நினைப்பால் இன்னொன்று. வலைக்குச் சொந்தக்காரரான எந்தச் சம்மாட்டியைக் கேட்டிருந்தாலும் இரண்டாவதைச் சோதனை இல்லாமலே சொல்லியிருப்பார்.

அம்பா இந்த இரண்டு இழப்புக்கும் சேர்த்துச் செய்த ஏற்பாடு. இதுதான் என் கட்சி. பாட்டு என்ற பெயர் அதற்குப் பிறகு வந்தது.

'ஐலசா' என்பதை வாய்விட்டு, கையில் ஏதாவது ஒன்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே சொல்லிப் பாருங்கள். 'ஐ'யில் கை முன்னே போகிறது. 'ல'வில் பிடி இறுகுகிறது. 'சா'வில் வாய் திறந்து மூச்சு வெளியேற உடம்பு பின்னால் சாய்கிறது. அர்த்தம் இல்லாத சொல் என்று இதைச் சொல்வார்கள். அர்த்தம் இருந்தால் இடைஞ்சல். 'ஏலேலோ'வும் அப்படித்தான், நீட்டவும் குறுக்கவும் எத்தனை உயிர் வேண்டுமோ அத்தனையும் அதில் உண்டு. ஒருவர் தனி வரி பாடுகிறார், கூட்டம் இந்தச் சொல்லைத் திருப்பிக் கொடுக்கிறது. கூட்டத்தின் சொல்லில் இழுவை, தனி வரியில் பிடி மாற்றும் நேரம். தனி வரியை நீட்டினால் ஓய்வு கூடும், சுருக்கினால் வேகம் கூடும். கடிகாரமும் விசிலும் இல்லாமல் ஒருவர் முப்பது பேரின் வேலை வேகத்தைத் தன் தொண்டைக்குள் வைத்திருக்கிறார்.

இழுக்கிறவர்கள் ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. இடுப்பில் சுற்றிய சிறு கயிற்றைப் பெருங்கயிற்றில் கொளுவி, மணலில் காலை ஊன்றிப் பின்பக்கமாக நடந்து மேட்டுக்கு ஏறுவார்கள். மேட்டில் ஒருவர் உட்கார்ந்து, வந்து சேரும் கயிற்றை வளையம் வளையமாகச் சுருட்டிக்கொண்டிருப்பார். அங்கே வந்ததும் கொளுவியதைக் கழற்றிவிட்டு வெறுங்கையோடு தண்ணீர்க் கரைக்கு இறங்கி, முன்னால் மறுபடி கொளுவ வேண்டும். இறங்கி நடக்கிற அந்த இருபது முப்பது அடிதான் ஓய்வு. யாரும் கேட்டு வாங்காத, யாரும் ஏமாற்ற முடியாத ஓய்வு. கடைசியில் நின்றவன் முதலாளாகிறான், முதலாள் கடைசிக்குப் போகிறான். நிமிடத்துக்கு நிமிடம் ஆள் மாறும் வரிசையில் மாறாமல் ஓடுவது பாட்டு ஒன்றுதான். இறங்கி வருகிறவன் எந்தத் தாளத்தில் கொளுவ வேண்டும் என்பதை நடந்து வரும்போதே காதால் எடுத்துக்கொள்கிறான்.

இரண்டாவது இழப்பு சோம்பல். அதற்குத் தனி வரிகள் இருக்கின்றன. சாமி பெயரில் தொடங்கும் பாட்டு, சற்று நேரத்தில் பெண்களிடம் போகும், அங்கிருந்து சம்மாட்டியின் கஞ்சத்தனத்துக்கு வரும், பிறகு கயிற்றைத் தொட்டுக்கொண்டு மட்டும் நிற்கிறவனுக்கு வரும். பெயர் சொல்லாமல், ஆனால் யாரென்று எல்லாருக்கும் தெரிகிற மாதிரி. முப்பது பேர் சிரித்தால் அவன் கை தானாக இறுகும். மேற்பார்வையாளர் ஒருவர் இதையே வசனமாகச் சொன்னால் சண்டை வரும். சம்மாட்டியையும் அந்த வரிசையில் வைத்துக் கேலி செய்வதால்தான் கேலி செல்லுபடியானது என்று நினைக்கிறேன்.

பாடுகிறவர் வலைக்குச் சொந்தக்காரர் இல்லை. சம்மாட்டி முதல் போட்டவர். மண்டாடி கடல் பார்த்து, நிறம் பார்த்து, மீன் கூட்டம் எங்கே என்று சொல்கிறவர், துணியை வீசி வள்ளத்துக்கு வழி காட்டுகிறவர். அம்பா பாடுகிறவர் இவர்களுக்குக் கீழே, கயிற்றில் நிற்கும் ஆட்களில் ஒருவர். ஆனால் வலை தண்ணீரில் இருக்கும் நேரம் முழுக்க வேலை அவர் சொற்படி நடக்கிறது. குரல் நன்றாக இருந்தால் மட்டும் போதாது. எவ்வளவு கயிறு மிச்சம், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, எந்த ஆள் காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். தொடக்கத்தில், கயிறு முழுக்கக் கடலுக்குள் கிடக்கும்போது, வரிகள் நீளம், இழுவை மெதுவு. நடுவில் கதை சொல்லலாம், வம்பு பேசலாம், நேரம் நிறைய இருக்கிறது. கைவலை கரையைத் தொட்டதும் வரிகள் சுருங்கும். மடி கண்ணுக்குத் தெரிந்த பிறகு தனி வரியே இல்லாமல் போய், இரண்டு கூட்டமும் பக்கத்துக்குப் பக்கம் நின்று வெறும் சொல்லை மாறி மாறி எறிந்துகொள்ளும். அந்தக் கடைசி நேரத்தில்தான் மீன் குதித்துத் தப்பப் பார்க்கும். அதனால்தான் வேகம்.

இந்த வரிசையைத் திருப்பிப் போட்டால் பாட்டு பிறந்த வரிசை கிடைத்துவிடும் என்பது என் கணிப்பு. முதலில் பிறந்தது கடைசியில் வரும் அந்த வெறும் சொல். இரண்டு பேர் கனமான மரத்தைத் தூக்கினாலும் தானாக வருகிற 'ஓ'. அதை ஒரு மணி நேரம் கத்த முடியாது, அலுத்துவிடும், அலுத்தால் பிசகும். அலுப்பைத் தள்ள நடுவில் ஒரு வரி. அந்த வரியைச் சொல்ல ஒருவர். அவருக்கு வரி தீர்ந்துபோகாமல் இருக்கச் சாமி, மாமி, கடன், காதல் எல்லாம். அம்மன் கோவில் வாசலில் பாடுகிற அதே தொண்டை வலைக்காலத்தில் கடற்கரைக்கு வருவதால் மெட்டுக்கும் பஞ்சமில்லை. ஒருவர் உட்கார்ந்து இயற்றிய பாட்டாக இருந்திருந்தால் தொடக்க வரி எல்லா ஊரிலும் ஒன்றாக இருந்திருக்கும். அம்பாவில் ஊர் தோறும் மாறாமல் இருப்பது கூட்டத்தின் சொல்லும் அதன் வேலையும்தான்.

உழைப்பின் தாளத்திலிருந்தே இசை பிறந்தது என்று கார்ல் பியூஷர் என்ற ஜெர்மன் பொருளியலாளர் 1896இலேயே ஒரு புத்தகம் எழுதினார். உலகத்து இசை முழுவதையும் உழைப்பின் தலையில் கட்டியது கொஞ்சம் அதிகம். தாலாட்டை எந்த வேலை பெற்றது என்று கேட்டால் தொட்டில் கயிற்றைக் காட்டுவாராயிருக்கும். ஆனால் அம்பாவைப் பொறுத்தவரை அவரோடு எனக்குச் சண்டை இல்லை. பாய்மரக் கப்பல் காலத்து ஆங்கில மாலுமிப் பாட்டுகளும் அவர் பக்கம் சாட்சி சொல்கின்றன. வணிகக் கப்பல்களில் ஆள் குறைவு, சம்பளம் மிச்சம் பிடிப்பார்கள். அங்கே பாட்டு செழித்தது, நங்கூரம் சுற்ற ஒரு வகை, பாய் ஏற்ற வேறு வகை என்று பிரிந்துகூட வளர்ந்தது. பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களில் ஆள் தாராளம், அங்கே பாடுவதற்கு அனுமதி இல்லை. பிடிலோ குழலோ வாசித்தால் போதுமென்று வைத்துவிட்டார்கள். களைப்பைப் போக்கத்தான் பாட்டு என்றால் கடற்படைக்காரனுக்கு மட்டும் களைப்பு இல்லையா? ஆள் பற்றாத இடத்தில்தான் பாட்டை வேலைக்கு வைத்தார்கள்.

வில்லியம் மெக்நீல் என்ற வரலாற்றாசிரியருக்கு இதன் இன்னொரு பக்கம் தெரிந்திருந்தது. 1941இல் டெக்சாஸில் படைப் பயிற்சிக்குப் போனவர், ஆயுதம்கூடச் சரியாக இல்லாத முகாமில் வெறுமனே மணிக்கணக்காக அணிநடை போட்டார். அர்த்தமற்ற அந்த நடையில் தனக்கு ஏற்பட்ட விசித்திரமான நிறைவை மறக்க முடியாமல், அரை நூற்றாண்டு கழித்து, 1995இல், சேர்ந்து அசைவது மனிதரை எப்படிக் கூட்டமாக்குகிறது என்று ஒரு நூலே எழுதினார். சேர்ந்து அசைந்தவர்களுக்குள் ஓர் ஒட்டுதல் வந்துவிடுகிறது என்பது அவர் வாதம். இதே புத்தளம் மாவட்டத்தில், கற்பிட்டிப் பக்கத்துக் கரைகளில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், இவர்களில் கத்தோலிக்கர் என்று பல வகையினர் அடுத்தடுத்து வாழ்ந்து தொழில் செய்கிறார்கள். ஒரே கயிற்றைப் பிடிக்க நேர்ந்தால் மாதாவையும் முருகனையும் அவ்லியாவையும் ஒரே மூச்சில் கூப்பிட வேண்டியிருக்கும். இதை நல்லிணக்கம் என்று மேடையில் பேசுவதற்கு முன்னால், கயிறு அறாமல் இருப்பதற்குச் செய்த வேலை என்று பார்ப்பது நல்லது.

பாட்டு எல்லாவற்றையும் சமாளித்துவிடும் என்று எண்ணவும் கூடாது. அது ஒரு வலைக்குள்ளே நடக்கும் வேலையைத்தான் பார்த்துக்கொண்டது. வலைக்கும் வலைக்கும் இடையில் இருந்தது 'பாடு'. வலை வளைக்க ஏற்ற கரைத் துண்டுக்கு அந்தப் பெயர். இன்றைக்கு யார் முதலில் வளைப்பது, அடுத்தது யார் என்று முறை வைத்துக்கொள்வார்கள். விடிகாலை முறை ஒருவருக்கே தொடர்ந்து போய்விடாமல் சுழலும். நம் தென் கரையில் மாவெல்ல என்ற ஊரில் இந்த முறை வைப்பு என்ன ஆனது என்று போல் அலெக்சாண்டர் என்ற மானிடவியலாளர் 1982இல் விரிவாக எழுதினார். முறை சரியாகத்தான் இருந்தது, சுழற்சியும் நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் புதிய வலைகள் வந்துகொண்டே இருந்தன. கடற்கரை தாங்காத எண்ணிக்கை ஆனது. ஒவ்வொரு வலைக்கும் முறை வருவது அரிதாகி, வருமானம் கரைந்தது. பொதுச் சொத்தை மக்களே நிர்வகிக்க முடியும் என்று காட்டியதற்காக 2009இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஒஸ்ட்ரோம், அப்படி நிர்வகிக்க முடியாமல் போன இடங்களுக்கு உதாரணமாக இந்த ஊரைத் தன் நூலில் எடுத்துக்கொண்டார். அரசாங்கமும் 1984இல் கரைவலைக்கென்று தனி ஒழுங்குவிதிகள் போட்டது.

மடி கரைக்கு வந்ததும் பாட்டு நிற்கும், கணக்கு தொடங்கும். இழுத்த மணலிலேயே மீனை விலை கூறி விற்று, சாப்பாடு, வள்ளம் என்று செலவைக் கழித்து, மிச்சத்தில் பாதி வலைக்காரருக்கும் பாதி இழுத்தவர்களுக்கும் என்பது பல கரைகளில் பொதுவாக இருந்த வழக்கம். ஊருக்கு ஊர், வலைக்கு வலை கொஞ்சம் கூடும், குறையும். கவனிக்க வேண்டியது, கூலி என்று முன்கூட்டிப் பேசிய தொகை இல்லை. வலை வெறுமையாக வந்தால் எல்லாருக்கும் வெறுமை. மீன் நிறையக் கிடைத்தால் சின்னப் பையனுக்கும் கைநிறைய. தன் பங்கு மடிக்குள் இருக்கிறது என்று தெரிந்தவன்தான் கடைசி ஐம்பது அடியில் அப்படிக் கத்துவான்.

கயிற்றை எடுத்துவிட்டால் இவ்வளவும் என்ன ஆகும் என்பதை இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறோம். தும்புக் கயிறும் பருத்தி வலையும் போய் நைலோன் வந்தபோது பாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, கனம்தான் சற்றுக் குறைந்தது. 1950களின் பிற்பகுதியிலிருந்து இயந்திரப் படகுகளும், பின்னர் ஃபைபர் படகுகளும் வந்தபோது இளைஞர்கள் கரைவலையை விட்டு அவற்றில் ஏறினார்கள். இறால் பண்ணை, உப்பளம், வளைகுடா வேலை என்று மற்ற வழிகளும் திறந்தன. நாற்பது பேரைக் கூட்டுவதே பெரும்பாடானது. அந்த வெற்றிடத்தில் உழவு இயந்திரம் வந்து நின்றது. அதன் பின்னால் வின்ச் பூட்டி, பக்கத்துக்கு ஒன்று என இரண்டு இயந்திரங்கள், நாலைந்து ஆட்கள். வலை ஏறிவிடுகிறது. கரை அரிக்கிறது, குஞ்சுமீன் அழிகிறது, ஏழையின் பங்கு போகிறது என்று ஒரு தரப்பு. ஆள் கிடைக்காமல் நாங்கள் என்ன செய்ய என்று மறு தரப்பு. தடை, மறியல், மனு என்று அந்த விவகாரம் பல ஆண்டுகளாக இழுபறியாகவே கிடக்கிறது.

வின்ச்காரர்களைத் திட்டி அம்பாவைக் காப்பாற்ற முடியாது. நாற்பது பேரின் முதுகெலும்பைத் தேய்த்த வேலை அது. பாட்டு இனிமையாக இருந்தது என்பதற்காக அவர்களை மறுபடி கயிற்றில் கட்டச் சொல்லும் உரிமை பாட்டைக் கேட்கிறவர்களுக்கு இல்லை.

அப்படியானால் மேடை. அதே புத்தளம் மாவட்டத்தில், புத்தளம் நகருக்குப் பக்கத்தில், சிரம்பியடியில் மாஞ்ஞா என்ற இசைக்கு உரியவர்கள் இருக்கிறார்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரிட்டிஷார் காலங்களில் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். படையில் இருந்த ஆபிரிக்க வீரர்கள் படைப்பிரிவு கலைந்தபின் இந்தப் பக்கம் தங்கிவிட்டார்கள். போர்த்துக்கேயக் கலப்பு மொழியில் சில வரிகளே உள்ள பாட்டுகள். ரபான், தேங்காய்ச் சிரட்டை, போத்தலும் கரண்டியும்தான் வாத்தியம். மெதுவாகத் தொடங்கி வேகம் ஏறி, கேட்கிறவரை எழுப்பிவிடும். இன்றைய தலைமுறை வீட்டில் பேசுவது சிங்களம். ஆனாலும் மாஞ்ஞா உயிரோடு இருக்கிறது, கொழும்பு மேடைகள் வரை போகிறது. காரணம், அது எந்த வேலையையும் நம்பி இருக்கவில்லை. வீட்டு விசேஷத்துக்கும் கூடிக் களிப்பதற்கும் உரிய இசை, முற்றத்திலிருந்து மேடைக்கு ஏறுவதில் அதிகம் இழக்காது.

அம்பா அப்படி இல்லை. மேடையில் எட்டுப் பேர் வெள்ளை வேட்டியும் தலைப்பாகையுமாக நின்று, கனமே இல்லாத கயிற்றை ஆட்டிக்கொண்டு பாடுவதைப் பார்த்திருக்கிறோம். ஆர்மோனியமும் தபேலாவும் தாளத்தைச் சீராக்கிவிடும். அந்தச் சீர்தான் குறை. கயிற்றுக்கு எதிர்ப்பு இருந்தால் 'சா' ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விழாது, அலை பின்வாங்கும்போது பிந்தும், அலை தள்ளும்போது முந்தும். பாடகர் அதைக் கேட்டு அடுத்த வரியைத் திருத்துவார். இன்றைய ஒலிப்பதிவுக் கூடத்தில் வெவ்வேறு நாளில், வெவ்வேறு ஊரிலிருந்து வாசிப்பவர்கள் காதில் 'க்ளிக்' சத்தம் ஒன்றைக் கேட்டுக்கொண்டு ஒரே பாட்டை முடிக்கிறார்கள். முகம் பார்க்காத கூட்டத்தை ஒன்று சேர்க்கும் அதே வேலை. ஆனால் க்ளிக் யாருடைய களைப்பையும் கேட்பதில்லை. அம்பாவை க்ளிக்கில் பதிவு செய்தால் கிடைப்பது நல்ல சினிமாப் படகுப் பாட்டு.

கடல் பாட்டு தொழிலாக மாறிய ஊர் ஒன்று இங்கிலாந்தில் இருக்கிறது. கோர்ன்வாலில் போர்ட் ஐசக் என்ற மீனவக் கிராமத்தின் துறைமுகத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் பாடிக்கொண்டிருந்த ஆண்கள் குழு, 2010இல் யுனிவர்சல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. இசைத்தட்டு பிரிட்டிஷ் தரவரிசையில் முதல் பத்துக்குள் வந்தது, 2019இல் அவர்களைப் பற்றித் திரைப்படமே வந்தது. பிறகு அது சுற்றுப்பயணம், ஒலியமைப்பு, வண்டி, நாள்குறிப்பு, காப்புறுதி என்று வேறொரு வேலையாகிவிட்டது. அந்த வேலைக்கும் ஆபத்து உண்டு. 2013இல் ஓர் அரங்கில் நிகழ்ச்சிக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோது கனமான கதவு சரிந்து விழுந்து, குழுவின் பாடகர் ஒருவரும் சுற்றுப்பயண மேலாளரும் இறந்துபோனார்கள். மேடையை ஓய்வு நேரப் பொழுதுபோக்காக நினைத்து ஏறுகிற எந்த ஊர்க் குழுவுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். கயிற்றடியில் மண்டாடி, சம்மாட்டி, சுருட்டுகிறவர், பாடுகிறவர் என்று ஆளுக்கொரு பொறுப்பு இருந்தது. மேடையடியிலும் அப்படி ஆட்கள் வேண்டும். பெரும்பாலும் எல்லாப் பொறுப்பும் நன்றாகப் பாடுகிற ஒருவர் தலையில் விழுகிறது.

உடப்பிலோ கற்பிட்டியிலோ அம்பாவைப் பதிவு செய்யப் போகிறவர்கள் கைவலை வந்த பிறகு போய் நின்று கடைசி ஆரவாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். முதல் மணி நேரத்து மந்தமான பகுதியில்தான் வரிகள் இருக்கின்றன. இரண்டு நுனியிலும் இரண்டு ஒலிவாங்கி வேண்டும். எந்த வரியில் எவ்வளவு கயிறு வெளியே இருந்தது, காற்று எப்பக்கம், எத்தனை பேர் என்று பக்கத்தில் எழுதிக்கொள்ள ஒருவர் வேண்டும். கேலி வரிகளை வெட்டக் கூடாது. கயிற்றில் நின்று பாடிய வயதானவர்கள் இருக்கிற வரைதான் இது நடக்கும். அவர்களை நாற்காலியில் உட்கார வைத்துப் பாடச் சொன்னால் வரி மறந்துபோகும். கையில் பாரமான கயிறு ஒன்றைக் கொடுத்து, மறுநுனியை நாலு பேரைப் பிடிக்கச் சொன்னால் ஞாபகம் வரும்.

பதிவானபின் அது யாருடையது என்ற கேள்வி வரும். சினிமாக்காரரோ விளம்பரக்காரரோ அதிலிருந்து எட்டு நொடியை எடுத்துக்கொண்டால் யாரிடம் கேட்க வேண்டும்? இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் கலை வெளிப்பாடுகளுக்கும் ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறது. வணிக நோக்கில் பயன்படுத்துகிறவர் உரிய அதிகாரியிடம் அனுமதி பெற வேண்டும், அதற்குக் கட்டணம் விதிக்கலாம். அப்படிச் சேரும் பணம் பண்பாட்டு வளர்ச்சிக்குச் செலவாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பாடிய ஊருக்கு இவ்வளவு, பாடியவருக்கு இவ்வளவு என்று சொல்லவில்லை. கரையில் மீன் விற்ற கையோடு மணலில் உட்கார்ந்து பங்கு பிரித்தவர்கள், தங்கள் பாட்டுக்கு மட்டும் பங்கை எந்தக் கந்தோரில் போய்க் கேட்பது என்று தெரியாமல் இருக்கிறார்கள்.